வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஆண் எஸ்கார்ட்டுக்கு (காசு வாங்கிக்கொண்டு துணைக்கு வரும் பாலியல் தொழிலாளிக்கு) டிக்கெட்டும் போட்டுக் கொடுத்து, வரும் நேரத்துக்குக் காசும் கொடுக்க வேண்டுமா?

வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு அடுத்த பதிவுக்குப் போகலாம். மிச்சம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆண் எஸ்கார்ட் ஒருவரை வேறொரு நாட்டிலிருந்து வரவழைப்பதும், கூடவே பயணத்துக்கு அழைத்துப் போவதும் அந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கிற விஷயம். கூப்பிடுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், பெண்களும் உண்டு. நான் பல வருஷம் விமான டிக்கெட் போடும் வேலையில் இருந்தவன். நெருங்கிய நண்பன் ஒருவன் எஸ்கார்ட்டாக இருக்கிறான். அதனால் இந்த இரண்டு உலகமும் முட்டிக்கொள்ளும் இடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். எஸ்கார்ட் வேலை சரியா தவறா என்ற பஞ்சாயத்து இந்தப் பதிவில் கிடையாது. வயது வந்த இருவர் சம்மதித்துப் பேசி முடித்துவிட்டார்கள், நடுவில் பத்தாயிரம் கிலோமீட்டர் இருக்கிறது. அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

வாடிக்கையாளர்கள் சொல்லும் வாதம் எப்போதும் ஒன்றுதான். "விமானத்தில் அவன் என்ன வேலையா செய்கிறான்? படம் பார்க்கிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான். அதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவன் வேறு யாரையும் பார்க்க முடியாது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பதினான்கு மணி நேர விமானம் என்றால் பதினான்கு மணி நேரத்தோடு முடிகிறதா? வீட்டைப் பூட்டிக் கிளம்பி, மூன்று மணி நேரம் முன்னால் போய் நின்று, நடுவில் இன்னொரு விமானத்துக்குக் காத்திருந்து, இறங்கிய பிறகு குடியேற்ற வரிசையில் நின்று, ஹோட்டல் போய்ச் சேர்வதற்குள் ஒரு முழு நாள் போய்விடும். திரும்பி வர இன்னொரு நாள். இரண்டு இரவுக்கு ஒப்புக்கொண்ட வேலை நான்கைந்து நாளை விழுங்குகிறது. வெளியூர் கோர்ட்டுக்கு வந்து வாதாடும் வக்கீலிடம் "ரயிலில் தூங்கிக்கொண்டுதானே வந்தீர்கள்" என்று சொல்லி யாரும் பீஸைக் குறைப்பதில்லை.

பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் முழுக் கட்டணம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடைமுறையில் பலர் பயணத்துக்கென்று ஒரு மொத்தத் தொகை வைத்திருப்பார்கள். சிலர் இத்தனை நாளுக்குக் குறைந்து அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவார்கள். எப்படியானாலும் பயண நேரத்தின் விலை அதற்குள் வந்துவிடும். பேரம் குறைவு என்பதால் எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

அப்புறம் உடம்பு. பறக்கும் விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பது 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தோல் வறண்டு, கண் எரிந்து, வயிறு உப்பித்தான் இறங்குவார்கள். நேர மண்டலம் ஒன்றுக்குத் தோராயமாக ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடம்பு பழைய நிலைக்கு வரும். கிழக்கு நோக்கிப் பறந்தால் இன்னும் சிரமம். முகமும் உடம்பும் சிரிப்பும்தான் அவன் தொழிலுக்கு முதல். இந்த நிலையில் இறங்குபவனிடம் "ஏர்போர்ட்டிலிருந்து நேரே வந்துவிடு, டின்னருக்கு டேபிள் சொல்லியிருக்கிறேன்" என்பவர்களை என்னவென்று சொல்வது! இறங்கிய நாளில் வேலை இல்லை என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. காசு கொடுத்தவரும் பாதித் தூக்கத்தில் இருக்கும் ஆளோடு சாப்பிட உட்கார வேண்டியிருக்காது.

எந்த வகுப்பு என்ற சண்டையும் உண்டு. சேர்ந்து போகும்போது தான் மட்டும் பிசினஸ் கிளாஸில் கால் நீட்டிக்கொண்டு, கூட வருபவனைப் பின்னால் எகானமியில் போடும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. (அப்படியும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான், பயந்துவிட வேண்டாம்.) சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நியூயார்க் நேர் விமானத்தில் இந்தச் சண்டைக்குப் பாதி வழி அடைபட்டுவிடுகிறது. 15,000 கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும் அந்த ஏர்பஸ் ஏ350இல் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி இருக்கைகள்தான். சாதாரண எகானமியே கிடையாது.

இதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. எனக்கு உண்மையில் கவலை தருவது, டிக்கெட்டை யார் போடுவது என்ற கேள்வி.

வாடிக்கையாளர் போட்டுத் தருவதுதான் வசதி என்று இரண்டு பக்கமும் நினைக்கிறார்கள். டிக்கெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். டிக்கெட்டில் பயணியின் பெயர்தான் இருக்கும். ஆனால் அதை மாற்றுவதும் ரத்து செய்வதும் நடைமுறையில் வாங்கியவர் கையில்; பணமும் அவர் கார்டுக்கே திரும்பும். அமெரிக்காவுக்குப் போகிற, அங்கிருந்து கிளம்புகிற விமானங்களுக்கு ஒரு விதி உண்டு. பயணத்துக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாகப் போட்ட டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் இழப்பில்லாமல் ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அதுவரை பிடித்து வைக்கவோ இடம் தர வேண்டும். பயணிகளுக்கு நல்ல விதிதான். காலையில் டிக்கெட் போட்டு, அதன் படத்தை எஸ்கார்ட்டுக்கு அனுப்பி, அவன் அந்த வாரத்து மற்ற வேலைகளையெல்லாம் தள்ளி வைத்த பிறகு, இரவில் சத்தமில்லாமல் ரத்து செய்துவிடும் ஆட்களுக்கும் அதே விதிதான் கைகொடுக்கிறது. மைல்ஸ் (அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகள்) கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் பிடி இன்னும் இறுக்கம். அது மைல்ஸ் கணக்கு வைத்திருப்பவரின் சொத்து மாதிரி. அவர் ரத்து செய்தால் மைல்ஸ் அவர் கணக்குக்கே போய்ச் சேரும்.

இதைவிட எளிய ஏமாற்று, பணமே கட்டாத முன்பதிவு. ஆறு எழுத்து பிஎன்ஆர் வந்துவிட்டால் டிக்கெட் வந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். பிஎன்ஆர் முன்பதிவுக்கான அடையாளம், அவ்வளவுதான். 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். அனுப்பிய படத்தை நம்பாமல் நிறுவனத்தின் தளத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும், கிளம்பும் அன்று காலையில் இன்னொரு முறையும்.

இதிலெல்லாம் போவது ஒரு வாரச் சம்பாத்தியம். ரிட்டர்ன் டிக்கெட் விஷயத்தில் போவது அதைவிடப் பெரியது. அவன் போய் இறங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் அந்த மனிதர் பேசாத ஒன்றைக் கேட்கிறார். ஆணுறை வேண்டாம் என்கிறார், அல்லது இன்னொரு நண்பரும் வருகிறார் என்கிறார். முடியாது என்று சொல்ல அவனுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் திரும்பும் டிக்கெட் எதிரில் நிற்பவரின் போனில் இருக்கிறது. அறை அவர் பெயரில். மீதிப் பணம் இன்னும் வரவில்லை. "பிசினஸ் கிளாஸ் போட்டுக் கூப்பிட்டேனே" என்ற பேச்சு அங்கேதான் வரும். பிசினஸ் கிளாஸ் போட்டது அவனை அங்கே கொண்டுவருவதற்கு. வேறு எதற்கும் அது முன்பணம் ஆகாது.

என் நண்பன் இதில் கறார். பணத்தை வாங்கித் தானே டிக்கெட் போடுவான், திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடியதாக. பாஸ்போர்ட்டை ஹோட்டல் கவுண்டரில் காட்டுவதோடு சரி, கூட இருப்பவர் கையில் தரமாட்டான். அன்று இரவே வேறு விமானம் பிடித்துக் கிளம்பும் அளவுக்குச் சொந்தக் கார்டில் பணம் இல்லாமல் எந்தப் பயணத்துக்கும் ஒப்புக்கொள்வதில்லை. திமிர் பிடித்தவன் என்று சொல்லிவிட்டுப் போன வாடிக்கையாளர்கள் உண்டு. போகட்டும்.

தானே டிக்கெட் போடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எஸ்கார்ட்கள் பலர் தொழிலுக்கென்று ஒரு பெயர் வைத்திருப்பார்கள். விமானத்தில் அது செல்லாது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பிறந்த தேதி, பல நாடுகளுக்குப் பாஸ்போர்ட் எண் என்று எல்லாம் கொடுக்க வேண்டும். வேறொருவர் டிக்கெட் போட்டால் இத்தனையும் அவரிடம் போய்ச் சேரும். அதன் பிறகு அவர் நல்லவராக இருக்கும் வரைதான் தொழில் வேறு, வீடு வேறு. (29 என்று விளம்பரத்தில் போட்டவருக்கு 36 என்று தெரிந்துபோகும் சங்கடமும் உண்டு. அதற்கு நான் பரிந்து பேச வரவில்லை.)

இனி நாட்டு எல்லையும் சட்டமும். பல வாடிக்கையாளர்களுக்கு இது உறைப்பதே இல்லை, ஏனென்றால் வாசலிலேயே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வருபவன்தான். நியூசிலாந்து 2003இல் பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு தற்காலிக விசாவில் வருபவர்களுக்கு அந்த வேலையைச் செய்ய இடம் தரவில்லை. "இங்கே எல்லாம் சட்டப்படிதான், வா" என்று அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டால், திருப்பி அனுப்பப்படும் ஆபத்து வருபவன் தலையில். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் கடந்த 10 வருடங்களில் பாலியல் தொழிலில் ஈடுபட்டதுண்டா என்ற கேள்வியே இருக்கிறது. சொந்த நாட்டில் சட்டப்படி, வரி கட்டிச் செய்தவருக்கும் விலக்கு கிடையாது. உள்ளே போன பிறகும் 1910இல் வந்த மான் சட்டம் (Mann Act) இருக்கிறது. பாலியல் தொழிலுக்காக ஒருவரை மாநிலம் விட்டு மாநிலமோ வெளிநாட்டிலிருந்தோ கொண்டுவருவது அதன்படி குற்றம். முதலில் பெண்களைப் பற்றி மட்டும் பேசிய அந்தச் சட்டம் 1986 திருத்தத்துக்குப் பிறகு ஆண்களுக்கும் பொது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய கார்டே அங்கே சாட்சி. 2015இல் ரென்ட்பாய் என்ற ஆண் எஸ்கார்ட் விளம்பரத் தளத்தின் நியூயார்க் அலுவலகத்தில் சோதனை போட்டது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, அதாவது எல்லையில் பாஸ்போர்ட் பார்ப்பவர்கள் இருக்கும் அதே துறை. தளத்தை நடத்தியவருக்கு 2017இல் 6 மாதச் சிறை.

வேறு சில நாடுகளில் கதை தலைகீழ். ஸ்வீடன் 1999லும், நார்வே 2009லும், பிரான்ஸ் 2016லும் கொண்டுவந்த சட்டங்களில் காசு கொடுப்பவர்தான் குற்றவாளி. நார்வே தன் குடிமக்களை வெளிநாட்டிலும் விடுவதில்லை. "இங்கே முடியாது, வேறு நாட்டில் சந்திப்போம்" என்று டிக்கெட் போட்டாலும் சட்டம் கூடவே போகும். தூரப் பயணங்களில் விமானம் மாறும் இடங்களாக துபாயும் தோஹாவும் ஆகிவிட்டன. அங்கே பாலியல் தொழிலும் குற்றம், இரு ஆண்களின் உறவும் குற்றம். மூன்று மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் போகிறார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இணைப்பு விமானம் தவறி ஊருக்குள் ஹோட்டல் கொடுத்தால்தான் குடியேற்றத்தைத் தாண்டி வெளியே போக வேண்டிவரும். கொஞ்சம் பணம் கூடினாலும் நேர் விமானம் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

விமான நிலையம் என்றதும் 2010இல் மயாமியில் நடந்தது நினைவுக்கு வருகிறது. ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில் என்ற, ஓரினச்சேர்க்கையை எதிர்க்கும் அமெரிக்கப் பழமைவாத அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ரெக்கர்ஸ், 10 நாள் ஐரோப்பியப் பயணம் முடித்து, இதே ரென்ட்பாய் தளத்தில் விளம்பரம் செய்திருந்த ஓர் இளைஞரோடு வந்து இறங்கினார். பத்திரிகைச் செய்தி வெடித்தது. அறுவை சிகிச்சை ஆனதால் பெட்டி தூக்க ஆள் வைத்துக்கொண்டேன் என்றார். பாலுறவு எதுவும் இல்லை என்று மறுத்தார். ஆனால் அன்று சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது அவர்தான் என்று செய்தி சொன்னது. உலகமே சிரித்தது, நானும்தான். அந்த இளைஞர் யார் என்பதும் சில நாளில் உலகத்துக்கே தெரிந்துபோனது. அது சிரிப்புக்குரியதாக எனக்குப் படவில்லை.

வாடிக்கையாளர் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அட்வான்ஸையும் டிக்கெட் பணத்தையும் வாங்கிக்கொண்டு நம்பரையே மாற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கேயும் புகார் கொடுக்க முடியாது என்பதுதான் அவர்கள் தைரியம். அதற்கு என் யோசனை, முதல் சந்திப்பையே கடல் தாண்டி வைக்காதீர்கள். நீங்கள் அவர் ஊருக்குப் போகும்போது ஒரு மாலை சந்தியுங்கள். அது முடியாவிட்டால் வீடியோவில் பேசுங்கள், பல வருடமாக ஒரே பெயரில், ஒரே எண்ணில் இருப்பவரா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஆபத்து சமம் என்ற பேச்சை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏமாந்த வாடிக்கையாளர் தன் வீட்டில் இருக்கிறார். ஏமாந்த எஸ்கார்ட் தெரியாத நாட்டில் பெட்டியோடு நிற்கிறான்.

சேர்ந்து ஒரு வாரம் சுற்றும் பயணங்களில் தூக்கத்துக்கு ஆறேழு மணி நேரம், தனியாக இருக்கக் கொஞ்ச நேரம் என்று பேசிக்கொள்வது வழக்கம். விமானத்தில் பக்கத்து இருக்கையில் பேசிக்கொண்டே வருவதும் வேலை நேரத்தில் சேருமா என்று கேட்டால், சேரும். கண்ணை மூடிக்கொண்டால் சேராது.

கடைசியாக, எனக்கும் நண்பனுக்கும் இன்னும் தீராத ஒரு வழக்கு. ஐரோப்பாவிலிருந்து அவன் கிளம்பிய விமானம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் இப்படி ஆனால், நிறுவனத்தின் கையை மீறிய காரணம் இல்லாத பட்சத்தில், 600 யூரோ இழப்பீடு உண்டு. அது பயணிக்கு உரியது, டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவருக்கு இல்லை. வாடிக்கையாளர் பாதி கேட்டார். விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான் என்று சொல்லி இவன் ஒரு காசு கொடுக்கவில்லை. விதி இவன் பக்கம்தான். ஆனால் அந்த மனிதர் முழுப் பணமும் கட்டிவிட்டு ஒரு மாலையை இழந்திருக்கிறார். நானாக இருந்தால் பாதி கொடுத்திருப்பேன்.