டெல்லி கணேஷ் சும்மா வந்துட்டுப் போனவர் இல்லை

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. என் இன்பாக்ஸில் கொண்டுவந்து போட்டு "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க" என்று கேட்டும் ஆகிவிட்டது. இரண்டு பேர் மைக் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "டெல்லி கணேஷ் என்ன பெருசா நடிச்சார்? எல்லாப் படத்துலயும் அதே ஐயர். அவராவே வந்துட்டுப் போனார்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. மனிதர் 2024 நவம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார், எண்பது வயது. பதில் சொல்ல அவர் வர மாட்டார் என்ற தைரியம் இருவருக்கும் நன்றாகவே இருக்கிறது.

அவர் இருந்திருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதனால் நான் சொல்கிறேன்.

"எல்லாம் ஐயர் வேஷம்தானே" என்கிறீர்கள். சரி, ஐயர்களையே எடுத்துக்கொள்வோம். 1987, நாயகன். வேலு நாயக்கரின் பக்கத்திலேயே நிற்கும் ஐயர். போலீஸ் அடித்துத் துவைத்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவர் பேசும் இடத்தை இன்னொரு முறை பாருங்கள். அடி தாங்க முடியாமல் போன அவமானமும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை என்ற பெருமையும் ஒரே மூச்சில் வரும். எதிரே இருப்பவர் கமல்ஹாசன், படம் அவருடைய படம், ஆனாலும் அந்தச் சில நிமிடங்கள் அந்தக் கட்டிலில் கிடப்பவருக்குச் சொந்தம். அப்புறம் 1990, மைக்கேல் மதன காமராஜன். பாலக்காட்டு மணி ஐயர், சமையல்காரர். அந்தப் பேச்சின் இழுவை, வளர்த்த பிள்ளை காமேஸ்வரன் மேல் இருக்கும் பாசம், எந்நேரமும் எதற்கோ பயந்துகொண்டே இருக்கும் முகம். 1996, அவ்வை சண்முகி. சேதுராமய்யர். பெரிய வீட்டில் வேலை பார்க்கும் ஆள், உள்ளே கொஞ்சம் திருட்டுத்தனம், மாமியைக் கண்டதும் வழிசல். 1997, ஆஹா. மறுபடியும் சமையல்காரர், ஆனால் இந்த முறை பெண்ணைப் பெற்றவர். வசதியான வீட்டுப் பையன் தன் பெண்ணை விரும்புகிறான் என்றால் ஒரு சமையல்காரருக்கு வரும் கூச்சமும் ரோஷமும் அந்தத் தோளில் தெரியும்.

இந்த நான்கு பேரில் யார் ‘அவராவே’ வந்தது? மணி ஐயரைக் கொண்டுபோய் ஆஹா வீட்டில் நிறுத்துங்கள், நிற்பாரா? இருவரும் கரண்டி பிடிக்கிறவர்கள்தான், ஒரே குடுமிக் கூட்டம்தான். ஒருவர் நின்றால் பதற்றமாகத் தெரியும், இன்னொருவர் நின்றால் அடக்கமாகத் தெரியும். சேதுராமய்யர் கண்ணை உருட்டுகிற மாதிரி நாயகன் ஐயர் ஒரு இடத்திலாவது உருட்டியிருக்கிறாரா? திரும்பவும் சொல்கிறேன், அவர் சும்மா வந்துட்டுப் போனவர் இல்லை. சும்மா வந்த மாதிரி தெரிவதற்காக உழைத்தவர்.

இன்னொன்று. அந்தப் பாலக்காட்டுத் தமிழ் அவருக்குப் பிறப்பில் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறைய. மனிதர் வல்லநாட்டுக்காரர். இன்றைய தூத்துக்குடி மாவட்டம், அன்றைய திருநெல்வேலிச் சீமை. தாமிரபரணிக் கரைப் பேச்சோடு வளர்ந்தவர் பாலக்காட்டு இழுவையை ஒரு படம் முழுக்க ஒரு இடம் தவறாமல் பிடித்து வைத்திருக்கிறார்.

சரி, ஐயரை விட்டுவிடுவோம். அந்த இருவரும் ‘பசி’ பார்த்திருக்கிறார்களா? 1979, இயக்குநர் துரை. அந்தப் படத்தில் நடித்ததற்காகத்தான் ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அவருடைய அப்பனாக, ரிக்‌ஷா இழுக்கும் முனியாண்டியாக வருபவர் டெல்லி கணேஷ். குடிசை, குடி, கடன், வீடு நிறையக் குழந்தைகள். மெட்ராஸ் பாஷை. அந்த முகத்தில் ஐயரும் இல்லை மாமாவும் இல்லை. தமிழக அரசு அந்த வேஷத்துக்கு அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது. சினிமாவுக்கு வந்து ரெண்டு மூணு வருஷத்தில் செய்த வேஷம் இது. பார்க்காமல் பேசுவதற்கு ஒரு தைரியம் வேண்டும், அது இவர்களிடம் இருக்கிறது.

வில்லனாகவும் வந்தார். அபூர்வ சகோதரர்களில் பிரான்சிஸ் அன்பரசு. அப்புவின் அப்பாவைக் கொன்ற நால்வரில் ஒருவர். சிந்து பைரவியில் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. கச்சேரிக்குக் குடித்துவிட்டு வந்து, வாசிக்க முடியாமல் வெளியேற்றப்படுகிற இடத்தில் அந்த முகத்தைப் பாருங்கள். ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனிடம் அவமானப்படுவது எப்படி இருக்கும் என்று அதற்கு மேல் யாரும் எனக்குக் காட்டியதில்லை.

இவ்வளவும் எங்கிருந்து வந்தது? 1964-லிருந்து பத்து வருஷம் இந்திய விமானப் படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நாடகம். அந்த டெல்லிதான் பெயரோடு ஒட்டிக்கொண்டது, ஒட்டியவர் கே.பாலசந்தர். விசுவின் நாடகமான ‘பட்டினப்பிரவேசம்’ 1977-ல் பாலசந்தர் கையில் படமானபோது அதில் அறிமுகம். அப்புறம் நானூறுக்கும் மேல் படங்கள், 2024-ல் வந்த இந்தியன் 2 வரை. நடுவில் பிறருக்குக் குரலும் கொடுத்திருக்கிறார், ‘47 நாட்கள்’ படத்தில் சிரஞ்சீவி பேசுவது இவர் குரலில்தான். ஆமாம், அந்தச் சிரஞ்சீவிக்கு. சிரஞ்சீவி வாயிலிருந்து வந்தபோது யாரும் "இது மாமா குரல்" என்று சொல்லவில்லை.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே எதற்கு என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். அவர் சபா நாடகங்களில் நடித்தவர். பகலில் ஆபீஸ், சாயங்காலம் ரிகர்சல், ஞாயிற்றுக்கிழமை நாடகம். ஒரு நாடகத்தில்கூட ஹீரோ இல்லை. ஹீரோவின் மாமனார், ஆபீஸ் மேனேஜர், கைமாற்று கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டில் பாடம் பார்க்கும்போது என்னை உட்காரவைத்து ஹீரோ வசனத்தைப் படிக்கச் சொல்வார். நான் படிப்பேன். அவர் பேசாமல் ஒரு துண்டை மடித்துக்கொண்டிருப்பார். நான் "உங்க பொண்ணு" என்று படிக்கும் இடத்தில் கை நிற்கும். தலை நிமிராது. "நிமிர்ந்தா ஜனங்க என்னைப் பார்ப்பாங்கம்மா. இது அவன் பேசற இடம், அவனைத்தான் பார்க்கணும். என் கை நின்னுபோச்சுங்கறது மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்பார். மறுபடியும் படி என்பார். மறுபடியும் துண்டைப் பிரித்து மடிப்பார். அந்த ஒரு நிறுத்தத்துக்காக எத்தனையோ ராத்திரி நான் தூக்கக் கலக்கத்தில் அதே பக்கத்தைப் படித்திருக்கிறேன்.

ஒரு நாடகம் முடிந்ததும் மேடையில் மாலை மரியாதை. படம் எடுக்க எல்லோரும் நின்றார்கள். மேக்கப்கூடக் கலைக்காமல் அப்பாவும் நின்றார். விழா நடத்தியவர்களில் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "சார், நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க, மெயின் ஆர்ட்டிஸ்ட் மட்டும்" என்றார். அப்பா தள்ளிக்கொண்டார். வரும் வழியெல்லாம் இரண்டாவது காட்சியில் விளக்கு லேட்டாக வந்ததைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கும் அந்தத் ‘தள்ளிக்கோங்க’ காதில் கேட்கிறது.

அந்த வீடியோவில் சிரிக்கிற இருவரும் வேறு எதுவும் சொல்லவில்லை. தள்ளிக்கோங்க என்றுதான் சொல்கிறார்கள். செத்துப்போன மனிதரைப் பார்த்து.

இனி கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு.

"அவங்க கருத்து அவங்களுக்கு." நல்லது. என் கருத்து எனக்கு.

"ஒரே மாதிரி வேஷம் நிறையப் பண்ணினார்ங்கறது உண்மைதானே?" உண்மை. யார் இல்லை என்றது? பஞ்சகச்சமும் விபூதியும் என்றாலே அவரைக் கூப்பிட்டார்கள். ஒரே மாதிரி எழுதியது எழுதினவர்கள், ஒரே மாதிரி கூப்பிட்டது கூப்பிட்டவர்கள். கொடுத்த இரண்டு பக்க வசனத்துக்குள் ஒரு தனி மனுஷனைக் கொண்டுவந்தது அவர். எழுதியவன் சோம்பேறித்தனத்துக்கு நடித்தவன் மேல் வழக்குப் போடுவது என்ன நியாயம்? வி.கே.ராமசாமி 1947-ல் நாம் இருவர் படத்தில் கிழவராக வரும்போது அவருக்கு இருபத்தொரு வயது. அப்புறம் வாழ்நாள் முழுக்க அவரைக் கிழவராகவே கூப்பிட்டார்கள். அவரையும் ‘அவராவே வந்தார்’ என்பீர்களா? இருபத்தொரு வயசில் அறுபது வயசு யாருக்கும் ‘அவராவே’ வராது.

"நீ ஜாதிக்காகப் பேசறே." இதைத்தான் எதிர்பார்த்தேன், நேற்று ஒருவர் ஆரம்பித்தும் வைத்துவிட்டார். டி.எஸ்.பாலையாவைப் பற்றி, ஆச்சி மனோரமாவைப் பற்றி, எஸ்.வி.ரங்காராவைப் பற்றி நான் இதே பக்கத்தில் எழுதியவை அப்படியே இருக்கின்றன. போய்ப் படியுங்கள். அப்போதெல்லாம் என் ஜாதியை யாரும் விசாரிக்கவில்லை. முனியாண்டியைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேனே, அதைத் தாண்டிக் குதித்துவிட்டு இங்கே வந்து நிற்காதீர்கள்.

"நானூறு படம், கலைமாமணி, இன்னும் என்ன வேணும்?" எனக்கு எதுவும் வேண்டாம். அவரும் எதுவும் கேட்டு நின்றதாக எனக்கு நினைவில்லை. கடைசி வருஷங்களில்கூட சின்னப் பையன்கள் எடுக்கும் குறும்படம் என்றாலும் போய் உட்கார்ந்து நடித்துக் கொடுத்திருக்கிறார். 2016-ல் தன் மகனுக்காகச் சொந்தப் பணத்தைப் போட்டு ‘என்னுள் ஆயிரம்’ எடுத்தார். கேட்காதவரைக் கிண்டல் பண்ணக் கூடாது என்றுதான் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இதே ஆட்கள்தான் போன மாதம் ‘இப்போ தமிழ்ப் படத்துல அப்பா அம்மாவே மனசுல நிக்கறதில்லை’ என்று புலம்பினார்கள். எப்படி நிற்பார்கள்? அந்த இடத்துக்கு ஒரு ஆள் பத்து வருஷம் நாடகம் போட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த இடத்துக்கு ரெண்டு நாள் கால்ஷீட். ஹீரோ பேசும்போது பின்னால் அவுட் ஆஃப் ஃபோகஸில் ஒரு தலை தெரிந்தால் போதும். அந்தத் தலை என்ன செய்கிறது என்று டைரக்டரும் பார்ப்பதில்லை, எடிட்டரும் பார்ப்பதில்லை. பார்க்கத் தெரிந்த கண்ணே இல்லாமல் போன பிறகு, பார்க்க வேண்டிய வேலையைச் செய்தவரைப் பார்த்து "என்ன பெருசா நடிச்சார்" என்றுதானே கேட்பார்கள்.

அவர் இறந்த அன்று இரங்கல் போஸ்ட் போட்டவர்கள் எத்தனை பேர். விமானப் படையிலிருந்து வந்து மரியாதை செய்தார்கள், அதைப் பகிர்ந்து சல்யூட் எமோஜி போட்டவர்கள் எத்தனை பேர். அதே பெயர்கள் சிலவற்றை இந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்பு எமோஜியோடு பார்த்தேன். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

அந்த இருவருக்கும் ஒரே வேண்டுகோள். ‘பசி’யைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். முழுக்க, ஃபார்வர்ட் பண்ணாமல். பார்த்துவிட்டு அதே மைக் முன்னால் உட்கார்ந்து முனியாண்டியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். அந்த வீடியோவை நானே பகிர்கிறேன்.

அதுவரைக்கும் இந்தப் பதிவுக்குக் கீழே அந்த வீடியோ லிங்க்கைக் கொண்டுவந்து போடாதீர்கள். போட்டால் எடுத்துவிடுவேன்.