எச்டி வீடியோ பதிய எஸ்எஸ்டி கட்டாயமா?

"லேப்டாப்பில் எச்டி வீடியோ பதிவு செய்ய வெளி ஹார்ட் டிஸ்க் உதவாது, எஸ்எஸ்டி மட்டுமே தாங்கும்" என்றொரு தகவல் சுற்றி வருகிறது. எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க். ஆனால் இந்தத் தகவல் தவறு.

கணக்கைப் பாருங்கள். 1080பி (முழு எச்டி) வீடியோவை எச்.264 என்ற சுருக்கும் முறையில் நொடிக்கு 40 மெகாபிட் என்று தாராளமாகவே பதிந்தாலும், டிஸ்க்கில் எழுத வேண்டியது நொடிக்கு 5 மெகாபைட்தான் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்). யுஎஸ்பி 3.0 கேபிளில் இணைத்த சாதாரண ஹார்ட் டிஸ்க் இதைப்போல் பல மடங்கு வேகத்தில் எழுதும். சுருக்கப்படாத வீடியோ என்றால் கதை வேறு. அது நொடிக்கு 100 மெகாபைட்டையும் தாண்டும்; அதற்கு எஸ்எஸ்டி வேண்டும்தான்.

பதிவு பாதியில் நின்றால் உடனே டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். சரியாக 14 நிமிடத்தில் நின்றதா? அப்படியானால் முதலில் டிஸ்க்கின் ஃபார்மேட்டை, அதாவது அது ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையைப் பாருங்கள். ஃபேட்32 ஆக இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. மேலே சொன்ன வேகத்தில் அது 14 நிமிடத்தில் நிரம்பிவிடும். எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்கு உண்மையான ஆபத்து அதிர்வுதான். பதிவு ஓடும்போது அதை அசைக்க வேண்டாம்.