'புரெடி' யொரூபாச் சொல்தான்

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் வேலை பார்த்த காலத்தில், காலை நெரிசலில் வண்டி நின்றால் போதும், தலையில் தட்டோடு ரொட்டி விற்கிற பெண்கள் ஜன்னலோரம் வந்துவிடுவார்கள். அகெகே ரொட்டி. மெத்தென்று, லேசான இனிப்போடு இருக்கும். முதல் நாள் 'பிரெட்' என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தபடி திருத்தினாள்: "பு-ரெ-டி." முதல் இரண்டு அசைக்கும் கையை உயர்த்தி, கடைசி அசைக்குச் சட்டென்று இறக்கிக் காட்டினாள்.

அந்தக் கையசைவில் ஓர் இலக்கணமே இருக்கிறது. அவள் பேசுவது யொரூபா, அந்தப் பக்கத்து மக்களின் மொழி. அதில் மேல், நடு, கீழ் என மூன்று சுரங்கள். சுரம் மாறினால் பொருளே மாறிவிடும். இரண்டு மெய்யொலி ஒட்டி வராது, சொல் மெய்யில் முடியவும் முடியாது. அதனால் கிளாஸ் அங்கே 'கிலாஸி', பஸ் 'பொஸி', ஃபோன் 'ஃபோனு'. (எங்கள் பாட்டி சொல்வதும் 'போனு'தான்!) வந்த சொல்லுக்குச் சுரம் போட்டு, உயிரெழுத்து சேர்த்து, தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்கிறது அந்த மொழி.

இதைக் கலப்படம் என்று வருந்துகிறவர்களை அங்கேயும் பார்த்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெங்காயத்துக்கு யொரூபாவில் 'அலுபொசா'. அரபு 'பஸல்', வடக்கே பேசும் ஹவுசா மொழி வழியாக வந்து சேர்ந்தது. இன்று அதை யார் அந்நியச் சொல் என்கிறார்கள்? சொந்தமாகச் சொல் உண்டாக்கவும் அந்த மொழிக்குத் தெரியும். வானொலிக்கு 'அசொரொமாக்பெசி' என்று ஒரு பெயர், 'பேசும், பதில் வாங்காது' என்று அர்த்தம். கேட்டதும் அசந்துபோனேன். 'ரேடியோ'வும் கூடவே புழங்குகிறது. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

என் பயமெல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். 1970-இல் இஃபே நகரில், பேராசிரியர் பாபதுண்டே ஃபஃபுன்வா முன்னின்று நடத்திய திட்டத்தில், ஆறு வருடத் தொடக்கக் கல்வி முழுவதையும் யொரூபாவிலேயே கற்பித்தார்கள். ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில்கூடப் பின்தங்கவில்லை. இவ்வளவு தெரிந்த நாட்டில், 2022-இல் அறிவித்த தாய்மொழி வழிக் கல்விக் கொள்கையை 2025 நவம்பரில் ரத்து செய்துவிட்டார்கள். செய்தியைப் படித்ததும் மனசே ஆறவில்லை.

எங்கள் ஓட்டுநரின் மகளுக்கு, வகுப்பில் யொரூபா பேசியதற்காகப் பள்ளியில் அபராதம் போட்டார்கள். 'டயா', 'மோட்டோ' என்று நாளெல்லாம் கடன் சொற்களோடு யொரூபா பேசுகிற மனிதர் அவர், அதனால் அவருடைய மொழிக்கு ஒரு குறையும் வரவில்லை. மகளுக்கு எண்கள் தெரியவில்லை என்பதுதான் அவரை வாட்டியது. யொரூபா எண்கள் இருபது இருபதாகக் கூடி, கழிந்து வருபவை. ஐம்பது என்றால் மூன்று இருபதில் பத்து குறைவு, நாற்பத்தைந்து என்றால் அதிலும் ஐந்து குறைவு. தினமும் ராத்திரி அவரே உட்கார்ந்து 'எனி, எஜி, எத்தா' என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் காலை வண்டியில் ஏறியதும் சொன்னார், நேற்று நாற்பத்துநான்கு வரை தடுமாறாமல் வந்தாளாம். அடுத்ததற்கு 'ஃபார்ட்டி ஃபைவ்' என்றாளாம்.