மஹசீர் என்று பொதுவாகச் சொன்னால் போதாது

மேட்டூர் மீன் சாப்பிடாத சேலத்துக்காரர் குறைவு. ஆனால் அதே காவிரியில் 50 கிலோவுக்கு மேல் வளரும் கெண்டை இனம் ஒன்று உண்டு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். மஹசீர் என்பது பெரிய கெண்டை இனங்கள் பலவற்றுக்கும் பொதுப் பெயர்; அவற்றில் முதுகில் திமில் தூக்கி நிற்கும் திமில் மஹசீர்தான் அது. 1946 இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒரு மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ.

இவ்வளவு பெரிய மீன் எந்த இனம் என்பது 2018 வரை தீராமலே கிடந்தது. ரொம்ப காலம் 'முசுல்லா' என்ற பெயரில் ஓட்டினார்கள். அந்தப் பெயர் வேறொரு கெண்டைக்கு உரியது என்று பிறகு தெரிந்தது. கடைசியில் பவானியில் கலக்கும் மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். அமராவதிக்குப் போய்ச் சேரும் பாம்பாற்றிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன்பே விவரிக்கப்பட்டிருந்த 'டோர் ரெமாதேவி' என்ற அறிவியல் பெயர் கொண்ட இனம்தான் இது என்று உறுதியானது. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியலாளர் ரெமா தேவியின் பெயர் அது. எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

பெயரில் என்ன இருக்கிறது, மீன் ஆற்றில் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இனம் எது என்று தெரியாதவரை, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது. அடையாளம் உறுதியான அதே 2018 இல்தான் 'மிக அருகிய இனம்' என்று சேர்த்தார்கள்.

அதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. புனே பக்கத்து ஆறுகளுக்குச் சொந்தமான நீலத்துடுப்பு மஹசீரை லோனாவாலா பொரிப்பகத்தில் பெருக்கி, 1970களிலிருந்து காவிரியில் விட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வந்த மீன் பெருகியது, நம்முடையது அரிதானது. வெடித் தோட்டா போட்டு மீன் பிடிப்பது, மணல் அள்ளுவது, அணைகள் என்று மற்ற இடிகளும் சேர்ந்துகொண்டன. இரண்டையுமே 'மஹசீர்' என்று ஒரே பெயரில் எண்ணிக்கொண்டிருந்தால், ஒன்று அழிவது யார் கண்ணில் படும்?

அதனால் என் கருத்து இதுதான். எங்கிருந்தோ கொண்டுவந்த குஞ்சுகளை ஆற்றில் கொட்டுவதை 'மீன்வளப் பெருக்கம்' என்று கொண்டாட வேண்டாம். ஒகேனக்கல்லிலும் மேட்டூரிலும் வலை போடுகிறவர்களிடம் இந்த மீனின் படத்தைக் காட்டி, எங்கே எப்போது பார்த்தார்கள் என்று முதலில் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அப்புறம், மஹசீர் குஞ்சு விட்டோம் என்று அடுத்த முறை செய்தி வந்தால், எந்த மஹசீர், தாய் மீன் எந்த ஆற்றில் பிடித்தது என்று நாம் ஒவ்வொருவரும் கேட்போம்.