செம்பில் வந்த கங்கையும் குழாயில் வரும் கங்கையும்

2025 கும்பமேளாவுக்குப் போய்வந்த சித்தி எங்கள் வீட்டுக்கென்று ஒரு சின்னச் செம்பில் கங்கை நீர் கொண்டுவந்தார். வாய் அடைத்த செம்பு. அம்மா அதைச் சாமி அறையில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த நாட்களில்தான் இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்த அறிக்கை செய்தியாக வந்தது. கும்பமேளா நடந்த பிரயாக்ராஜில் பல இடங்களில் மலக்கிருமிகளின் அளவு குளிப்பதற்கான வரம்பைத் தாண்டியிருந்ததாம். 100 மில்லிலீட்டரில் 2500 என்பது அந்த வரம்பு. உத்தரப் பிரதேச அரசு மறுத்தது. பிறகு அதே வாரியம், புள்ளிவிவரக் கணக்குப்படி பார்த்தால் நீர் குளிக்கத் தகுந்ததாகவே இருந்தது என்று இன்னொரு அறிக்கை கொடுத்தது.

முதல் செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சித்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "கங்கைக்குத் தீட்டு ஒட்டாது பிள்ளை."

அம்மா சொன்னதை நான் தூக்கி எறியவில்லை. 1896லேயே ஏர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கங்கை யமுனை நீரில் கொலராக் கிருமி நிலைப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். கிருமிகளைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்த நீரில் இருப்பது பின்னால் தெரியவந்தது. ஆனால் அவை கான்பூர் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியத்தைத் தின்னாது. கரையோர நகரங்கள் ஒவ்வொரு நாளும் திறந்துவிடும் கழிவுநீருக்கும் அவை ஈடுகொடுக்காது. ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்பது உண்மைதான், அது கழுவிக்கொள்ள நாங்கள் இடம் விட்டால்.

அந்த ஆற்றைச் சுத்தம் செய்ய அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. 1986இல் ராஜீவ் காந்தி காலத்தில் கங்கைச் செயற்திட்டம் தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள், பம்புகள் வைத்தார்கள். அப்புறம் கரண்ட் போனால் பம்பு நின்றது, பம்பு நின்றால் கழிவு நேரே ஆற்றுக்குள் போனது. நிலையத்தை ஓட்டுவதற்கு உள்ளூர்ச் சபைகளிடம் காசு இல்லை. வாரணாசி சங்கட மோசன் கோயிலின் தலைமைப் பூசகர் வீரபத்ர மிஸ்ரா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நீர்ப் பொறியியல் பேராசிரியரும்கூட. தினமும் கங்கையில் முழுகுவார். அவருடைய அமைப்பின் சோதனைக்கூடம் அதே நீரை அளந்து கணக்கு வைத்தது. பக்தியும் அளவும் ஒரே மனிதரிடம் இருந்தன. எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதை கொஞ்சமல்ல.

2014இல் நமாமி கங்கே என்ற அடுத்த கங்கைத் துப்புரவுத் திட்டம் வந்தது, 20,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு. அதில் நல்லதும் நடந்தது. கான்பூரில் நூறு வருடத்துக்கு மேலாகக் கங்கையில் விழுந்துகொண்டிருந்த சீசாமாவ் என்ற கழிவுநீர்க் கானை மறித்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினார்கள். அது சின்ன வேலை இல்லை. ஆனால் ஆறு ஓட வேண்டும் என்று கேட்ட ஜி. டி. அகர்வாலை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. ஐஐடி கான்பூரில் பேராசிரியராக இருந்தவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலாளர். மேல் கங்கையில் அணைகளை நிறுத்துங்கள் என்று 111 நாள் உண்ணாவிரதம் இருந்து 2018 ஒக்டோபரில் இறந்துபோனார். வயது 86.

சரி, கொழும்பு மட்டக்குளியில் இருந்துகொண்டு நான் ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன்?

எங்கள் இலங்கையில் ஆற்றுக்குப் பெயரே கங்கைதான். மகாவலி கங்கை, மாணிக்க கங்கை, களனி கங்கை. களனி, சிவனொளிபாத மலைப் பக்கத்தில் எங்கள் மலையகச் சனத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே புறப்பட்டு, 145 கிலோமீட்டர் ஓடி, என் வீட்டுக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. வழியில் களனி விகாரை. புத்தர் அங்கே வந்து இந்த ஆற்றில் குளித்தார் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. அதே வளவில் விபீஷணனுக்கும் கோயில் இருக்கிறது. கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். சித்தி கொண்டுவந்த கங்கை செம்போடு நிற்கிறது. இந்தக் கங்கையைத்தான் நாங்கள் சோறு சமைக்க, தேத்தண்ணி போட, பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கப் பாவிக்கிறோம்.

அதன் கரையில் பியகம, சீதாவக்கை தொழில் வலயங்கள் இருக்கின்றன, வீட்டுக் கழிவு வந்து சேரும் ஓடைகள் இருக்கின்றன. 2015 ஓகஸ்டில் கடுவலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து டீசல் கசிந்து ஆற்றில் கலந்தபோது குடிநீர் விநியோகமே தடைப்பட்டது. அன்றைக்குத்தான் கொழும்பு ஆற்றைப் பற்றிப் பேசியது. பிறகு மறந்துவிட்டது.

திட்டங்களுக்கு இங்கேயும் குறைவில்லை. ஆறுகளைக் காப்போம் என்று சிங்களத்தில் 'சுரகிமு கங்கா' என்றார்கள், 2025இல் கிளீன் ஸ்ரீலங்கா வந்தது. நான் எந்தத் திட்டத்துக்கும் எதிரி இல்லை. கரையில் பொலித்தீன் பொறுக்கப் பிள்ளைகளோடு நானும் போயிருக்கிறேன். ஆனால் கங்கையின் நாற்பது வருடக் கதையைப் படித்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, கட்டும் நிலையத்தைப் பத்து வருடம் ஓட்டுவதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்பதை அடிக்கல் வைக்கும் நாளிலேயே சொல்லுங்கள். மற்றது, ஆற்று நீரை அளந்து, அந்த எண்களை மாதாமாதம் மூன்று மொழியிலும் பாலத்தடியில் எழுதி வையுங்கள். பிரயாக்ராஜில் எண்ணை வைத்துச் சண்டையாவது பிடித்தார்கள். எங்களிடம் சண்டை பிடிக்க எண் இல்லை, வீட்டு வாசலில் ஓடும் ஆற்றைப் பற்றி.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். அப்பாவின் அந்தியேட்டியன்று முகத்துவாரத்தில் பூமாலையைப் பொலித்தீன் பையோடு சேர்த்தே தண்ணீரில் விட்டோம். யாரும் தடுக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இந்தமுறை திவசத்துக்கு எள்ளையும் பூவையும் வாழையிலையில் கொண்டுபோனோம். மீதி எல்லாவற்றையும் கூடையிலேயே திருப்பிக் கொண்டுவந்தோம். வரும் வழியில் ஒரு கான் ஆற்றில் வந்து விழும் இடத்தில் அம்மா நின்றுவிட்டார். தண்ணீர் கறுப்பாக வந்தது.

"இது எங்க இருந்து வருது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. விசாரித்தேன். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது. கடைசியில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அந்தக் கான் எங்கே தொடங்குகிறது, கடைசியாக எப்போது அளந்தார்கள், அளவு என்ன என்று மூன்று கேள்வி. தமிழிலேயே எழுதினேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். கடுவலை, பேலியகொடை, ஹட்டன் பக்கம் இருப்பவர்கள் உங்கள் இடத்துக் கானைப் பற்றியும் இப்படிக் கேளுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.