முதலில் கேட்டது யார்?

பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக எனக்கு இது 22-வது வருஷம். குற்றப்பத்திரிகை நகல் எத்தனை படித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. கஞ்சா வழக்கு என்றால் கட்டைப் பிரிக்காமலே முதல் பத்தியைச் சொல்லிவிடுவேன். "ரகசியத் தகவலின் பேரில் போலீஸ் பார்ட்டியுடன் சம்பவ இடம் சென்று கண்காணித்தபோது, எங்களைக் கண்டதும் தப்பி ஓட முயன்றவரைச் சுற்றி வளைத்துப் பிடித்து..." இத்தனை வருஷத்தில் ஒருத்தன்கூட ஓட முயலாமல் நின்ற இடத்திலேயே நின்றதாக நான் படித்ததில்லை.

ஓட்டத்தை விடுங்கள். அந்த 'ரகசியத் தகவல்' பற்றித்தான் எழுத வந்தேன்.

துப்புக் கொடுக்கிற ஆளே கூடாது என்று சொல்லுகிற கூட்டத்தில் நான் இல்லை. நம்ம பக்கத்தில் ஒரு கொலை விழுந்தால் அது ஒன்றோடு நிற்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பழிக்குப் பழி என்று கிளம்புகிறவனை வெட்டுக்கு முந்தின ராத்திரியே அரிவாளோடு பிடித்த கதைகள் உண்டு. யாரோ ஒருத்தர், பெரும்பாலும் அதே தெருக்காரர், அதே சாதிக்காரர், ஏட்டையாவுக்கு ஒரு போன் அடித்திருப்பார். அது வெளியே தெரிந்தால் அவர் கதி என்ன? அதனால்தான் தகவல் எங்கிருந்து வந்தது என்று போலீஸ்காரரைக் கட்டாயப்படுத்திக் கேட்கக்கூடாது என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபோது 131 என்று எண் மாறியது, சங்கதி மாறவில்லை. போதைப்பொருள் சட்டத்தில் தனியாக 68-ஆவது பிரிவும் இருக்கிறது. இருக்கட்டும். வேண்டியதுதான்.

ஆனால் ஆள்காட்டியில் இரண்டு சாதி உண்டு.

கூந்தன்குளம் பக்கம் போனவர்களுக்கு ஆள்காட்டிக் குருவியைத் தெரிந்திருக்கும். வரப்பில் நாம் காலை வைத்ததும் கத்திக் கூப்பாடு போட்டுக் குளத்தையே எழுப்பிவிடும். ஆளைக் கண்டால் கத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆளைக் கூட்டிக்கொண்டு வராது. இன்னொன்று கௌதாரி. எங்கள் தாத்தா காலத்தில் வளர்ப்புக் கௌதாரியைக் கூண்டோடு கொண்டுபோய்த் தேரிக்காட்டில் வைத்துவிட்டுச் சுற்றிக் கண்ணி விரிப்பார்கள். கூண்டுக்குள் இருப்பது கூப்பிடும். தன் பாட்டுக்கு மேய்ந்து கொண்டிருந்தது நம்பி வந்து மாட்டும். (இப்போது அப்படிச் செய்தால் வனத்துறை கேஸ். கௌதாரிக்குக் கிடைத்த பாதுகாப்பை நினைத்தால் சமயத்தில் பொறாமையாக இருக்கிறது.)

குருவிக்குக் கொடுத்த மறைப்பைச் சட்டம் கௌதாரிக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. என் சண்டை அதோடுதான்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கு. ஊரும் பேரும் சொல்லப் போவதில்லை. பையனுக்கு 21 வயது, லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். கஞ்சா இழுத்திருக்கிறான், அதை அவன் அம்மாவே ஒளிக்கவில்லை. விற்றவன் இல்லை. அவனுக்குப் பழக்கமான ஓர் அண்ணன், ஏற்கெனவே ஒரு கேஸில் உள்ளே போய் வந்தவர், திடீரென்று போன் அடிக்க ஆரம்பிக்கிறார். "எனக்குப் பொட்டலம் வேணும்டே, ஒனக்குத்தான் எடம் தெரியுமே, வாங்கிக் குடு." பையன் முடியாது என்கிறான். மறுபடி போன். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடனைப் பேசுகிறார், கையில் ஐயாயிரம் நிற்கும் என்கிறார். ஆறாவது நாள் பையன் வாங்கிக்கொண்டு போய் நிற்கிறான். சொன்ன இடத்தில் அண்ணன் இல்லை. மப்டியில் நாலு பேர் நிற்கிறார்கள்.

பிடிபட்ட எடை ஒரு கிலோ நூறு கிராம். இந்த நூறு கிராமைக் கொஞ்சம் கவனியுங்கள். கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் 'சிறிய அளவு', தண்டனை ஒரு வருஷம் வரைக்கும்தான். அதைத் தாண்டினால் பத்து வருஷம் வரை போகலாம். பையன் கையில் இருந்த காசுக்கு முக்கால் கிலோதான் வரும். "ஒண்ணேகாலாவது கொண்டாடே, மிச்சத்துக்கு நான் ஜி-பே போடுதேன்" என்று அந்த அண்ணன் சொன்னதாகப் பையன் சொல்லுகிறான். பணம் வரவில்லை. பையன் கடன் வாங்கி முடிந்த மட்டும் சேர்த்திருக்கிறான். பொய்யாகக்கூட இருக்கலாம், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வோம்) சொல்வதையெல்லாம் நம்புகிறவன் இந்த வேலையில் 22 வருஷம் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் இழுக்கிறவன் யாருக்கய்யா எடைக்கணக்குத் தெரியும்? ஒரு கிலோவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற கணக்கு கோர்ட்டுக்காரனுக்குத் தெரியும், ஸ்டேஷன்காரனுக்குத் தெரியும்.

குற்றப்பத்திரிகையில் அந்த அண்ணன் இல்லை. எதிரியாகவும் இல்லை, சாட்சியாகவும் இல்லை. குறுக்கு விசாரணையில் எங்கள் சீனியர் கேட்டார். இன்ஸ்பெக்டர், மரியாதையாகத்தான், தகவல் தந்தவர் பற்றிச் சொல்ல இயலாது என்றார். அதற்கு மேல் நகர வழியில்லை. அந்தப் பக்கம் சட்டமோ பொருள் கையில் இருந்தாலே குற்ற எண்ணமும் இருந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது, அப்படி இல்லை என்று காட்டுவது எதிரியின் பாடு. எதிரி எதை வைத்துக் காட்டுவான்? காட்டவேண்டிய ஆள் திரைக்குப் பின்னால்.

இது இன்றைக்கு நேற்று வந்த வித்தை இல்லை. 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு, புதுச்சேரியில் இருந்த நம்ம எட்டயபுரத்துக்காரர் பாரதியைச் சுற்றியும் வ.வே.சு. ஐயரைச் சுற்றியும் பிரிட்டிஷ் உளவாளிகள் மொய்த்தார்கள். எதுவும் சிக்கவில்லை என்றதும் ஐயர் வீட்டுக் கிணற்றில் ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்களை ஜாடிக்குள் வைத்துப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் இறைத்தபோது ஜாடி மேலே வந்தது. அவர்கள் முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீஸிடம் ஒப்படைத்ததால் தப்பினார்கள். ஜாடி வைத்தவனுக்குக் கிணறு வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம், பையனையே போய் எடுத்துக்கொண்டு வரச் சொல்லலாம்.

"அப்ப லஞ்சம் வாங்குறவனைப் பவுடர் தடவின நோட்டைக் குடுத்துப் பிடிக்கிறதும் தப்பா அண்ணாச்சி?" என்று கேட்பீர்கள். போலீஸில் இருக்கிற சொந்தக்காரத் தம்பி ஒருத்தன் போன வாரம் இதைத்தான் கேட்டான். தப்பில்லை. அங்கே கை நீட்டினது முதலில் அந்த அதிகாரி. பட்டா மாற்றத்துக்கு நாலாயிரம் என்று அவர் கேட்டதனால்தான் நீங்கள் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகிறீர்கள். அந்த வழக்கில்கூட நோட்டு கையில் இருந்தது, சோடாக் கரைசலில் விரல் சிவந்தது என்பது மட்டும் போதாது. கேட்டதையும் நிரூபிக்கவேண்டும், வாங்கியதையும் நிரூபிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022-ல் சொல்லியிருக்கிறது. தாலுகா ஆபீசில் லஞ்சம் வாங்குகிறவருக்குக் கிடைக்கிற இந்த 'முதலில் கேட்டது யார்' என்ற கேள்வி லோடு ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு ஏன் கிடைக்கவில்லை?

இதைக் கேட்ட நீதிபதி இருந்திருக்கிறார். 1956-ல் ராம்ஜனம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்து விவியன் போஸ் எழுதியதை சீனியர் எனக்குப் படித்துக் காட்டினார். குற்றம் செய்தே தீருவேன் என்று நிற்கிறவனுக்குப் பொறி வைப்பது ஒன்று, வேண்டாம் என்று விலகிவிட்டவனைத் திரும்பக் கிளறிவிடுவது வேறு. நல்லவனுக்கும் சபலம் வரும், கெட்டவனுக்கும் திருந்துகிற நேரம் வரும், அந்த நேரத்தில் அவனைக் காப்பாற்றுவதுதான் அரசாங்கத்தின் வேலை என்கிறார். இத்தனைக்குப் பிறகும், போலீஸ் தூண்டி நடந்த குற்றம் என்று காட்டித் தப்பிக்க நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் தனியாக ஒரு பிரிவு கிடையாது. அமெரிக்காவில் அந்த வாதம் உண்டு. அங்கே ஒரு விவசாயிக்கு அரசாங்க ஆட்களே பொய்ப் பெயர்களில் 26 மாதம் கடிதம் மேல் கடிதம் போட்டு, கடைசியில் அவர் தடை செய்யப்பட்ட பத்திரிகைக்கு ஆர்டர் கொடுத்ததும் பிடித்தார்கள். 1992-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்த ஆசையை விதைத்தது நீங்கள்தானே என்று கேட்டது.

போலீஸ் தம்பி இன்னொன்றும் சொன்னான். "மேலருந்து மாசம் எத்தனை கேஸ்னு கேப்பாவ அண்ணாச்சி. மொத்த வியாபாரி மாட்ட மாட்டான். நாங்க எங்க போவோம்?" அவன் பாடும் பாடுதான். ஆனால் அந்த நெருக்கடியில்தான் கௌதாரி தயாராகிறது. ஏற்கெனவே கேஸில் இருக்கிறவனிடம், "ரெண்டு கேஸ் குடு, ஒன் கேஸை நான் பாத்துக்கிடுதேன்" என்றால் அவன் யாரைக் கொடுப்பான்? தனக்கு மேலே இருக்கிறவனைக் கொடுத்தால் கழுத்து போகும். கீழே இருக்கிறவனைத்தான் கொடுப்பான். கீழே ஆள் இல்லையென்றால் உண்டாக்குவான். மொத்த வியாபாரி நிம்மதியாகக் காரில் போவான்.

நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. தகவல் சொன்னவர் பெயரை எதிரிக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் அவர் வெறும் தகவல் சொன்னவரா, சரக்கைக் கேட்டு வாங்கச் சொன்னவரா என்பதையாவது நீதிபதி தன் அறையில் கூப்பிட்டு விசாரிக்கலாம். எதிரி போன் நம்பர் கொடுத்தால் அந்த அழைப்புப் பட்டியலை முதல் வாரத்திலேயே வாங்கி வைக்கலாம். போன் கம்பெனிகள் அந்தக் கணக்கைக் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்கவேண்டும் என்பதுதான் விதி. வழக்கு இரண்டு வருஷத்தில் முடிகிறதா என்ன?

அந்தப் பையனின் போன் போலீஸ் வசம். ஆனால் அவன் எடுக்காதபோது அந்த அண்ணன் அம்மாவின் பட்டன் போனுக்கும் அடித்திருக்கிறார். ஆறு நாளில் 14 தடவை. அந்த அம்மா முதல் தடவை ஆபீசுக்கு வந்தபோது மஞ்சப்பையிலிருந்து, சீலைத் துணியில் சுற்றின போனை எடுத்து என் மேஜையில் வைத்தது. அணைத்து வைத்திருந்தது. "புதுசா போன் வந்தா பழசெல்லாம் அழிஞ்சிருமாமே எய்யா, டீக்கடைப் பையன் சொன்னான். அதான் அன்னைலருந்து ஆருக்கும் பேசல." அப்போதே எட்டு மாசம் ஆகியிருந்தது. நான் ஒவ்வொன்றாக நம்பரையும் நேரத்தையும் தாளில் எழுதிக்கொண்டேன். அழைப்புப் பட்டியல் கேட்டு நாங்கள் போட்ட மனு வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷம் ஆக இன்னும் மூன்று மாசம் பாக்கி.

போன வாய்தாவுக்கும் அந்த அம்மா அந்தப் பையோடு வந்திருந்தது. துணியைப் பிரித்துக் காட்டியது. பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்து நிற்கிறது. "இதை இனி ஆன் பண்ணலாமா எய்யா, வெடிச்சிராதுல்லா?" என்று கேட்டது.