வைக்கும்போதே எடுப்பதைப் பற்றியும் பேசுங்கள்

மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்கிறேன். தீக்காயம், உதட்டுப்பிளவு, ஆக்சிடென்ட்டில் நைந்த கை கால் என்றுதான் என் நாட்கள் பெரும்பாலும் போகும். மார்பில் வைத்த சிலிக்கோன் இம்ப்ளான்ட்டை, அதாவது மார்பின் உருவத்துக்காக உள்ளே வைக்கும் பையை, எடுக்க வருகிறவர்கள் குறைவு. ஆனால் அப்படி வருகிறவர்களில் அநேகம் பேர் வருஷக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டுத்தான் வருகிறார்கள். மனசு பொறுக்காமல் எழுதுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். 2014இல் மார்பகப் புற்றுநோய்க்காக வலது மார்பை முழுசாக எடுத்து, இம்ப்ளான்ட் வைத்து, கதிர்வீச்சும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் வேறு ஊரில். என்னிடம் வந்தது 2022இல். சுங்குடிச் சேலை முந்தானையை நெஞ்சைச் சுற்றி இறுக்கிச் செருகியிருந்தார். மகள் வெளியே போன பிறகுதான் விலக்கினார். வலது பக்கம் காறையெலும்புப் பக்கமாக மேலேறி, பந்து மாதிரி இறுகி நின்றது. தொட்டால் தேங்காய்ச் சிரட்டைதான்.

"ஆறு வருசமா இப்பிடித்தான் டாக்டரம்மா. இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியாது. நோயே போயிருச்சு, இதைப் பொறுத்துக்கிற மாட்டமான்னு இருந்துட்டேன்."

உடம்புக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். நல்லபடியாக இருந்தால் அது வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக இருக்கும். சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கி, உள்ளே இருப்பதை நெரிக்க ஆரம்பிக்கும். கேப்சுலார் கான்ட்ராக்சர் என்போம். நாலு நிலை பிரித்திருக்கிறோம். கல்லாக இறுகி, உருவம் மாறி, வலியும் சேர்ந்தால் நாலாவது. கதிர்வீச்சு கொடுத்த மார்பில் இது வரும் வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவுக்கு மட்டும் தெரியாது. "உசுரு இருக்கிற வரைக்கும் இருக்கும்னு சொன்னாங்க" என்றார்.

இந்த வார்த்தை மேல்தான் எனக்குக் கோபம். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதல் சிலிக்கோன் இம்ப்ளான்ட்டை வைத்ததிலிருந்து இன்றுவரை ஆயுளுக்கும் தாங்குகிற ஒன்றை யாரும் செய்யவில்லை. அழகுக்காக வைத்துக்கொள்ளும் பெண்களிலேயே 5இல் ஒருவர்வரை 8 முதல் 10 வருஷத்துக்குள் எடுக்க வேண்டி வரலாம் என்கிறது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. 2021இல், இம்ப்ளான்ட்டோடு தரும் விளக்கக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வேண்டும், வைக்கும் முன் பாதகங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று உத்தரவும் போட்டது. நம் ஊரில் அந்தப் பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.

உள்ளே உப்புநீர் அடைத்த இம்ப்ளான்ட் கிழிந்தால் மார்பு சப்பையாகிவிடும், தெரிந்துவிடும். சிலிக்கோன் ஜெல் அடைத்தது கிழிந்தால் பல பேருக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் வைத்து 5, 6 வருஷத்தில் ஒரு எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட், பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை என்கிறார்கள். என்னிடம் வந்தவர்களில் அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் மிகச் சிலரே.

அந்த அம்மாவின் ஆபரேஷன் அன்று உறையைத் திறந்தபோது உள்சுவரில் முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படிந்திருந்தது. புது இம்ப்ளான்ட்டைக் கையில் எடுத்தால் நுங்கு மாதிரி தளதளவென்று இருக்கும். இது கிழிந்து, ஜெல் பலாப்பிசின் மாதிரி கையுறையில் இழுபட்டது. துடைத்துத் துடைத்து எடுத்தோம். பையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்து ஒட்டுத் துண்டில் கம்பெனி பெயரும் அளவும் எண்ணும் பதிந்திருந்தன. சொரசொரப்பு மேற்பரப்புள்ள வகை. நாங்கள் தேடிய தகவல் எட்டு வருஷமாக அந்த அம்மாவின் நெஞ்சுக்குள்ளேயே இருந்திருக்கிறது. முதலில் வைத்த ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பழைய ஃபைல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த எண் ஏன் முக்கியம்? 2010இல் பிரான்சில் பிஐபி என்ற கம்பெனி, மருத்துவத்துக்கு அனுமதியில்லாத தொழிற்சாலை சிலிக்கோனை அடைத்து விற்றது பிடிபட்டது. 2019இல் அலர்கன் கம்பெனியின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். உறையில் உருவாகும் அரிய நிணநீர்ப் புற்றுநோய்தான் காரணம். வருஷங்கள் கழித்துத் திடீரென்று ஒரு பக்கம் நீர் கோத்து வீங்குவது அதன் முக்கிய அறிகுறி. சீக்கிரம் கண்டுபிடித்தால் இம்ப்ளான்ட்டையும் உறையையும் முழுசாக எடுப்பதிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். இந்தச் செய்திகள் வந்த அன்று, இம்ப்ளான்ட்டின் கம்பெனியும் எண்ணும் உள்ள கார்டைக் கையில் வைத்திருந்த பெண்ணுக்குத் தன்னுடையது எது என்று உடனே தெரிந்திருக்கும். இம்ப்ளான்ட் வரும் பெட்டிக்குள்ளேயே இந்த விவரமுள்ள ஸ்டிக்கர் இருக்கிறது. ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று நோயாளி கையில். அதை உரித்துக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகாது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். இம்ப்ளான்ட்டையும் உறையையும் பிரிக்காமல் ஒரே உருண்டையாக எடுத்தால்தான் விஷம் போகும் என்று ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பயந்து வருகிறார்கள். அது புற்றுநோய்க்கான முறை. மற்றவர்களுக்கு, விலா எலும்போடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய உறையைச் சுரண்டப்போய் நுரையீரல் உறையில் ஓட்டை விழுந்தால் அது நாங்களாகச் செய்த கேடு. உடம்பு வலி, அசதி, மறதி எல்லாம் இம்ப்ளான்ட்டால்தான் என்று வருகிறவர்களுக்கு அதை நிரூபிக்க ஒரு டெஸ்ட்டும் கிடையாது. தைராய்டும் ரத்தசோகையும் முதலில் பார்ப்பேன். அதற்காக "எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்ப மாட்டேன். எடுத்த பிறகு தேறியதாகச் சொல்லும் பெண்கள் நிறையப் பேர். வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால் எடுத்துத் தருவது என் வேலை.

எடுத்தபின் என்ன என்பதையும் முதல் நாளே பேச வேண்டும். வயிற்றுச் சதையிலோ முதுகுச் சதையிலோ புது மார்பு அமைக்கலாம் என்று அந்த அம்மாவிடம் விளக்கினேன். மகள் அதைத்தான் விரும்பினார். அம்மா கேட்டுவிட்டு, "சும்மா தட்டையா இருக்கட்டும்மா, போதும்" என்றார். மகள் கண் கலங்கினார். நான் அம்மா சொன்னதைத்தான் ஃபைலில் எழுதினேன்.

உறையைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. இரண்டு மாசம் கழித்து வந்தபோது முந்தானை சாதாரணமாகத் தோளில் கிடந்தது. உட்காரும் முன்னேயே சொன்னார்: "நேத்து ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிட்டேன் டாக்டரம்மா. விடிஞ்சப்பறம்தான் கவனிச்சேன்."